ரோல்ஸ் அண்ணை வாக்குக் கேட்ட கதை

சுவிஸ் நாட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்தவர் வீட்டு மணியை அடிக்கத் துணிந்த ஒரே அரசியல்வாதி எங்கள் ரோல்ஸ் அண்ணைதான். பீல் நகரசபை உறுப்பினர். நகரத் தலைவர் தேர்தலுக்குக் கட்சி தன்னையே வேட்பாளராக நிறுத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதைக் கட்சிக்காரர்கள் கூடி வாக்களித்து முடிவுசெய்வார்கள். ஆகவே ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு அவர்களுடைய வீடுகளுக்குப் புறப்பட்டார். பெட்டி தூக்கியது நான்.

"அண்ணை, இஞ்ச சொல்லாமல் கொள்ளாமல் போனால் கோவிப்பாங்கள்."

"விசரே உனக்கு? கலியாணத்துக்கே வீடுவீடாப் போய்த்தானே சொல்லுறம். இது தலைவர் பதவியடா! போனில கேட்டால் மரியாதையோ?"

ஒருவர் கதவைப் பாதி திறந்து, டயரியைப் புரட்டி, அடுத்த மாதம் பதினான்காம் தேதி வரலாம் என்றார். இன்னொரு கிழவருக்கு முதல் கடியிலேயே உறைப்பு ஏறிக் கண்ணீர் கொட்டியது. "பாத்தியே, என்ர கொள்கையைக் கேட்டு மனுசன் உருகிப்போட்டார்" என்றார் அண்ணை. கிழவர் தண்ணீருக்கு ஓடினார். ஆனாலும் மூன்றாவது வாரம் சிலர் கதவைத் திறந்ததுமே பெட்டியை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கூட்டம் நடந்த மாலை எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. புதிதாகச் சேர்ந்து சோதனைக் காலத்தில் இருந்தேன். அண்ணையின் ஆக்கினை தாங்காமல் கட்சியிலும் சேர்ந்திருந்ததால் எனக்கும் ஒரு வாக்கு இருந்தது.

"சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன் அண்ணை."

"செருப்பால அடிப்பன்! பேசாமல் வேலைக்குப் போ. உன்ர ஒரு வோட்டிலையோ நான் வெல்லப்போறன்?"

தோற்றார். மறுநாள் போனில் கடகடவென்று சிரித்தார். "படுதோல்வியடா! நீ வந்திருந்தாலும் ஒண்டும் கிழிச்சிருக்க மாட்டாய்." அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வேலை நிரந்தரமான பிறகு ஒருநாள் பஸ்ஸில் கட்சிச் செயலாளரான பெண்மணியைச் சந்தித்தேன். "பாவம் அவர், ஒரேயொரு வாக்கு! அது கிடைத்திருந்தால் சமமாகி, இன்னொரு சுற்று நடந்திருக்கும்" என்றார். அடுத்த தரிப்பிலேயே இறங்கி அண்ணை வீட்டுக்கு ஓடினேன்.

"ஏன் அண்ணை எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் நீ வேலையில ஒழுங்கா நிண்டிருப்பியே? சரி சரி, மூஞ்சையைத் தூக்காதை. இரு, தேத்தண்ணி போடுறன்."

நானே போய்க் கோப்பைகளை எடுத்து வைத்தேன். பீல் நகரத்துக்கு வேறு யாரோ தலைவராக வந்துவிட்டார்கள். எனக்கு இவர்தான்.