மெல்போர்ன் முதல் மதுரை வரை ஒரு துடைப்பம்

என் மனைவி தாமரைச்செல்வி ஊர் திரும்பும் நாளுக்காக நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். தொண்ணூறு நாள் குப்பையை, அவள் வானத்தில் இருக்கும்போதே கூட்டித் தள்ளிவிடுவது. அதற்கு முன்னால் துடைப்பத்தைத் தொடுவது வீண் வேலை.

எங்கள் மகளைப் பார்க்க மெல்போர்ன் போயிருந்தாள். தினமும் போனில், "வீடு சுத்தமா இருக்கா?" என்பாள். "கண்ணாடி மாதிரி இருக்கு" என்பேன். இந்தப் பொய் உடைந்தால் எங்கள் ஊர் ஒத்தக்கடையில் நான் தலைகாட்ட முடியாது.

கணக்கு எளிது. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் ஆறாயிரம் கிலோமீட்டர், எட்டு மணி நேரம். அது சமையலறைக்கு. சிங்கப்பூரில் அவள் ரெண்டு மணி நேரம் காத்திருப்பாள். அது என் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். சிங்கப்பூரிலிருந்து மதுரை மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதற்குள் கூடம்.

காலை ஆறு மணிக்கு "ஏறிட்டேன்" என்று செய்தி வந்தது. விமானம் போகும் வழியைக் காட்டும் ஆப்பைத் திறந்து, செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். பாத்திரமெல்லாம் தேய்த்து முடித்தேன். அவள் இன்னும் ஆஸ்திரேலியாவையே தாண்டவில்லை. அடுப்பு மேடை மட்டும் ஜாவாக் கடல் வரைக்கும் இழுத்தது.

சாயங்காலம் எதிர்வீட்டுச் செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, மதினி எம்புட்டுத் தூரத்துல இருக்காக?"

"ரெண்டாயிரம் கிலோமீட்டர் கிடக்கு. பாதிக் கூடம் முடிஞ்சிருச்சு."

"மாடி?"

"மாடிக்கு யாரு ஏறப் போறா?"

"பரணு?"

"நீ போயி உலையைப் பாரும்மா."

சிரித்துக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வங்கக்கடல் நடுவே விமானம் காணாமல் போனது. தட்டிப் பார்த்தேன். செல்போனை அணைத்து மறுபடி போட்டேன். கடல் மட்டும்தான் இருந்தது. அவள் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீடு எப்படிக் கிடந்தால் என்ன, அவள் வந்து திட்டினால் போதும் என்றிருந்தது. அழகர் சாமியைக் கூப்பிட்டு, விமானத்தைக் காணோமே என்று வாய்விட்டு அழுதேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தாமரைச்செல்வி ஓடி வந்தாள்.

"எதுக்குங்க இப்படி அழுகுறீக? நடுக்கடல்ல அந்த ஆப்பு அப்படித்தான் நிக்குமாம்."

"நீ... எப்படி இங்க?"

"நேத்தே வந்துட்டேன். சொல்லாம வந்து நிக்கலாம்னு ஒரு நாள் முன்னாடியே கிளம்பினேன். சன்னல் வழியாப் பாத்தா, உள்ள கால் வைக்க இடமில்ல. இப்பப் போனா நாமதான் கூட்டணும்னு செல்லக்கிளி வீட்டுலயே படுத்துட்டேன்."

"காலையில ஏறிட்டேன்னு செய்தி அனுப்புனியே?"

"அனுப்பாட்டி நீங்க துடைப்பத்தை எடுப்பீகளா?"

அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏமாந்த வெட்கம்கூட வரவில்லை. முழுசாக வந்து சேர்ந்தாளே, அது போதும்.

அவள் சமையலறையைப் பார்த்துத் தலையாட்டினாள். கூடத்தைச் சுற்றி வந்தாள். மாடிப்படியில் ஒரு விரலைத் தேய்த்து, அந்த விரலை என்னிடம் காட்டினாள்.

"பரவாயில்லங்க. அடுத்த தடவை துபாய் சுத்தி வாரேன். மாடிக்கும் நேரம் கிடைக்கும்."