சுத்து நைனா ரிவர்ஸ் எடுக்க மாட்டார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் சுத்து நைனாதான். மற்றவர்களுக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கத் தெரியும், ஹாரன் அடிக்கத் தெரியும். அது வேறு. இதைப் படித்துக் கோபம் வந்தால் வரட்டும்.

நான் பேக்கிங்கில் வேலை பார்த்தபோது, கவரைப்பேட்டையிலிருந்து எங்களை ஏற்றிப்போன கம்பெனி வேனுக்கு அவர்தான் டிரைவர். கம்பெனி இருப்பது ஹைவேக்கு அந்தப் பக்கம். எல்லா வண்டியும் நடுச்சுவரில் விட்டிருக்கும் முதல் இடைவெளியிலேயே திரும்பி, சர்வீஸ் ரோட்டில் ராங் சைடாக ஓடி கேட்டைப் பிடித்துவிடும். நைனா மட்டும் மேம்பாலம் வரை போய், அடியில் திரும்பி, முறையாக வருவார். அதனால்தான் 'சுத்து'. நிஜப் பெயர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

தினமும் திட்டுவோம். பக்கத்து சீட் மேரிக்கு வாய் நீளம்.

"இன்னா நைனா, இந்தச் சுத்த கோயில்ல சுத்தியிருந்தா புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்!"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வாங்கன்னா வரமாட்டீங்க. அந்த அஞ்சு நிமிஷத்த எதிர்ல வர்றவன் உசுர்லருந்து புடுங்கணுமா?"

காலை ஷிஃப்டுக்குப் போகையில், ஆளே இல்லாத சிக்னலில் சிவப்பு விழுந்தாலும் நிற்பார்.

"ரோட்ல ஈ காக்கா இல்ல. யாருக்காக நிக்கிற நைனா?"

"நாம கீறோம்ல?"

ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். அதைப் பையில் போட்டுக் கடைசி சீட்டில் வைத்துவிடுவார். அவர் மனைவி கூப்பிட்டால் எங்களில் ஒருத்திதான் எடுக்க வேண்டும். புருஷனுக்குச் சேர வேண்டிய திட்டெல்லாம் எங்கள் காதில் விழும்.

"நைனா, அக்கா உன்ன சோம்பேறின்னு சொல்லுது!"

"அது தெரிஞ்சதுதான். வேற இன்னா சொல்லுது?"

ஒருநாள் கேட்டை நெருங்கும்போது, சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் ராங் சைடில் வந்து எங்கள் மூக்கோடு மூக்காக நின்றது. உள்ளே எங்கள் மேனேஜர். அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏம்பா, ரிவர்ஸ் எடு."

நைனா என்ஜினை அணைத்தார். "எதுக்கு சார் எடுக்கணும்?"

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். ராங் சைடுல வந்தவரு."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியைப் பிட்டார். "நாஷ்டா துன்னீங்களா சார்?"

எங்கள் பின்னால் லாரிகள் சேர்ந்துவிட்டன. மேனேஜர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே ரிவர்ஸில் போனார். நாங்கள் கை தட்டினோம். சாயங்காலம் நைனாவுக்கு வேலை போயிற்று.

மறுநாள் புது டிரைவர். முதல் இடைவெளியில் இண்டிகேட்டர் போட்டான்.

"தம்பி, எங்க போற?" என்றாள் மேரி.

"கம்பெனிக்குதாங்க்கா."

"இப்டி இல்ல. சுத்து."

"லேட்டாவும்க்கா."

"ஆவட்டும். சுத்துடா!"

கத்தியது மேரி மட்டுமில்லை, வேன் மொத்தமும். அத்தனை வருஷம் எந்தச் சுற்றைத் திட்டினோமோ, அதே சுற்றுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். கேட்டில் இறங்கினோம், ஆனால் உள்ளே போகவில்லை.

"அரை நாள் சம்பளம் கட்" என்றார் மேனேஜர்.

"முழு நாளும் கட் பண்ணிக்கோங்க சார்," என்றேன். "நைனா வந்தாதான் உள்ள வருவோம்."

"அவன் என்னை நடுரோட்டுல அசிங்கப்படுத்தினான்!"

"அவரு அவர் பக்கத்துல நின்னாரு. ராங்ல வந்தது நீங்க."

பேக்கிங் நின்றால் லோடு போகாது. மத்தியானத்துக்குள் லாரிக்காரர்கள் ஆபீஸ் வாசலில் கூடி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜர் வேறு வழியில்லாமல் நைனாவுக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் மனைவி. அந்தக் காது என்ன பாடுபட்டிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் நைனா வந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. முதல் இடைவெளியைத் தாண்டி வேன் மேம்பாலத்துக்குப் போயிற்று. நைனா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா, இன்னிக்கி யாரும் திட்டல? வண்டியே ஓட மாட்டேங்குது."

மேரியை முந்திக்கொண்டு நான் திட்டினேன்.