ஆப்பிரிக்காவுக்குப் போன நடவு

எங்க வூட்டு எருமை மேல சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக்கே அதன் மடி வற்றிப் போகட்டும்.

தான்சானியா நாட்டு நெல் விவசாயிகளுக்கு ஒற்றை நாற்று நடவு சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. சம்பளம் கிடையாது. விமான டிக்கெட்டும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக, மூன்று மாதம் என் பெண்டாட்டி ஜெயம் பக்கத்தில் இருக்க மாட்டாள். அன்றே மனு போட்டேன்.

வயலைப் பார்க்க வருகிறோம் என்று போன் வந்தது. எங்கள் படப்பைப் பக்கம் நடவுக்கு வந்துகொண்டிருந்த பெண்களையெல்லாம் கம்பெனி வேன் விடியும்போதே ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் ஜெயம்தான்.

"நீ நட்டுகினே இரு. வாயத் தொறக்காத. நான் வரப்புல நின்னுகினு விளக்கம் சொல்றேன்."

"எப்பவும் செய்யறதுதானே? செய்யி."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்தவள் மஹாலட்சுமி என்ற சின்ன வயது அதிகாரி. வரப்பில் நின்று அளந்து தள்ளினேன். போன போகத்தில் கதிர் பாரம் தாங்காமல் கரண்டு கம்பி மேல் சாய்ந்து, ஒரகடமே இருண்டுபோனது என்றுகூடச் சொன்னேன்.

"கொஞ்சம் நட்டுக் காட்டுங்க ஐயா."

ஜெயத்தைப் பார்த்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பேறினாள்.

"இடுப்பு புடிச்சிகிச்சிம்மா. அவரே எறங்கட்டும். எனக்கே கத்துக்குடுத்தவரு!"

"இன்னாடி இது..."

"எறங்குய்யா, நாத்து வாடுது."

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். ஒரு நாற்றை ஊன்றினேன். ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அடுத்ததை ஊன்றினேன். அந்தக் கரை சேர்ந்து பெருமையாகத் திரும்பினால், நட்டது ஒன்றையும் காணோம். எல்லாம் என் கால் தடத்துக்குள் அடக்கம்.

"யோவ், நடறியா, மெறிக்கிறியா? நடவுன்னா பின்னாலதான்யா நடக்கணும்!"

அவள் இடுப்பு அந்த நொடியே குணமாகிவிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியவள் கோடு போட்டதுபோல் பின்னாலேயே நட்டுக்கொண்டு போனாள். விளக்கமும் அவளே சொன்னாள்.

"நீங்களே போறீங்களாம்மா?" என்று அதிகாரி அவளைக் கேட்டாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லீங்க!"

"கீதும்மா. இவரு மனு போட்ட மறுநாளே நானும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

அன்றைக்கு அவள் குன்றத்தூர் மலைக் கோயிலுக்கென்று பட்டுப்புடவையில் தனியாகப் போனது பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது அவள் அங்கே. நான் இங்கே எருமையிடம் உதை வாங்குகிறேன். நேற்று தபாலில் ஒரு படம் வந்தது. அந்த ஊர்ப் பெண்களெல்லாம் வரப்பில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர்களுடைய புருஷன்மார் வரிசையாகச் சேற்றில், பின்னால் நடந்தபடி. அவளை அனுப்பிவைத்த புண்ணியவான் யார் என்று அந்த ஆம்பிளைகள் விசாரித்து வந்தால், ஐயா, என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.