பாட்டை நிறுத்தி விளக்குகிறவர்

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடு வீடாகப் போகிற என்னைப் போன்றவர்களுக்குப் பலவிதமான மனிதர்கள் அறிமுகம். மாத்திரையை விழுங்காமல் அதன் அட்டையைப் படித்துக்கொண்டிருப்பவர், நலம் விசாரிக்க வந்துவிட்டுத் தன் ஆபரேஷன் தழும்பைத் திறந்து காட்டுகிறவர், இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். டிவியில் பாட்டு ஓடும்போது அதை நிறுத்தி விளக்கம் சொல்கிறவர் இருக்கிறாரே, அவருக்கு மட்டும் இன்னும் யாரும் ஊசி கண்டுபிடிக்கவில்லை.

ஆளை அடையாளம் காண்பது எளிது. சோபாவின் நுனியில்தான் உட்காருவார்; சாய்ந்து உட்கார்ந்தால் எங்கே ரசித்துவிடுவோமோ என்று பயம். ரிமோட் அவர் கையில் இருக்கும். பாட்டு தொடங்கிப் பத்து விநாடிக்குள் தொண்டையைச் செருமுவார், "முதல் ஷாட்டைக் கவனிச்சீங்களா?" என்பார், கவனித்தோம் என்றால் "என்ன கவனிச்சீங்க?" என்று மடக்குவார், கவனிக்கவில்லை என்றால் மறுபடி ஆரம்பத்திலிருந்து போடுவார். எந்தப் பதில் சொன்னால் தப்பிக்கலாம்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

மராத்தி பேசும் ஊர்ப்பக்கம், வானவடியில் நான் பார்த்தவர் பெயர் லக்ஷ்மிநாராயணன். கோயம்புத்தூர்க்காரர். சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். பொறுப்பான பிள்ளை. பழுதான பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பது அவர் தொழில். ஆனால் ஆறு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமா ரசனை வகுப்புக்குப் போய்வந்த பிறகு பாட்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். பிரித்ததைத் திரும்பப் பூட்ட மட்டும் அங்கே சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

அவருடைய அம்மா சந்திரிகாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அதற்காகத்தான் நான் கட்கியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போனேன். அந்த அம்மாளுக்குப் பயிற்சி என்றாலே கசப்பு. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கை அசையும். அந்த வருஷம் எல்லாச் சேனலிலும் ஓடிய இந்தி ஆல்பம் பாட்டு அது. விசிடி வாங்கி வைத்திருந்தார்கள். மலைப்பாதையில், மூடுபனியில், ஒரு பெண்ணின் ஜீப் நின்றுபோகும். டீக்கடைக் கிழவர் கயிறு கொடுப்பார். ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் கட்டி இழுப்பான். பல்லவி வரும்போது சந்திரிகா கையைத் தூக்க வேண்டும், ஹாரன் அடிக்கும்போது விரல்களை இறுக்க வேண்டும். நான்கு நிமிஷத்தில் நான்கு முறை. அருமையான மருந்து.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மகளுக்கு வளைகாப்பு. போயே தீர வேண்டும் என்று சந்திரிகா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பிசியோதெரபி வைஷாலி கறாராகச் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமை வந்து பார்ப்பேன், இடது கையில் பிடி வந்திருந்தால்தான் ரயில்.

அந்த வாரம் மகனுக்கு இரவு ஷிப்ட், பகலெல்லாம் வீட்டில்தான். இனி, அது எப்படிப் போயிற்று என்று கேளுங்கள்.

"சும்மா பாட்டுன்னு நினைக்கிறீங்களா சிஸ்டர்? ஜீப் ஓடுது, அது சமநிலை. நின்னுபோச்சு, சமநிலை குலைஞ்சுது. மறுபடி ஓடுது. ஆனா இது பழைய சமநிலை இல்ல, புதுசு."

"ஜீப் ரிப்பேர் ஆச்சு, அப்புறம் சரியாச்சு. அதானே?"

"அப்படிச் சொல்லக் கூடாது. கயிறு கொடுக்கிற கிழவர் யாரு?"

"டீக்கடைக்காரர்."

"கொடையாளி! எல்லாக் கதையிலயும் ஹீரோவுக்கு ஒரு பொருளைக் கொடுக்க ஒருத்தர் வருவாரு. மூடுபனிதான் வில்லன்."

"ஏஞ்சாமி, தூக்குன கை அந்தரத்துல நிக்குது. பாட்டைப் போடு" என்றார் சந்திரிகா.

"ஒரே நிமிஷம்மா. யாரோட பார்வையில கதை நகருதுன்னு மட்டும் சொல்லிடறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கை மடியில் விழுந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மூடுபனியோடு போயிற்று. புதன் முழுவதும் பார்வை. வியாழக்கிழமை பெண்ணின் சிவப்புத் துப்பட்டாவும் வெள்ளைப் பனியும் எப்படி எதிரும் புதிருமாக நிற்கின்றன என்பதற்கு. நான்கு நிமிஷப் பாட்டு நாற்பது நிமிஷம் ஓடியது; கை எழுந்தது ஒரு தடவை. மோட்டார் சைக்கிள் ஜீப்பை இழுக்குமா என்று ஓர் இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சந்திரிகா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எம்பையனுக்கு அந்த ஜீப்பே தேவலைங்க. அது ஒருக்காத்தான் நிக்குது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் தேறாவிட்டால் மகளின் வளைகாப்பைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும்.

மகனை வெளியே போகச் சொல்ல முடியாது, வீடு அவருடையது. எங்கள் பயிற்சியில் ஒன்று சொல்லித்தருவார்கள்: தண்ணீரோ கண்ணாடியோ, நோயாளிக்கு வேண்டிய பொருளை விழுந்த கையின் பக்கமே வை. சனிக்கிழமை லக்ஷ்மிநாராயணனை அம்மாவுக்கு இடது பக்கம் உட்கார வைத்தேன். அம்மாவின் வலது கையில் காபி டம்ளரைக் கொடுத்தேன்.

வைஷாலி வந்தாள். புது ஆள் கிடைத்துவிட்டால் இந்த இனத்துக்கு வருகிற உற்சாகத்தைச் சொல்லவா வேண்டும்? பல்லவி தொடங்கியது, இடது கை மெல்ல எழுந்து மார்பு வரை வந்தது, டக்கென்று பாட்டு நின்றது.

"மேடம், ஏக் மினிட், யே தேகியே..." என்று இந்தியில் வைஷாலியைத் திரையைப் பார்க்கச் சொன்னார் மகன்.

இந்தத் தடவை கை விழவில்லை. பக்கவாட்டில் போனது. ரிமோட்டின் மேல் ஐந்து விரல்களும் மூடின.

"விடும்மா, கொடையாளி வர்ற இடம்."

"விட மாட்டேன் போடா."

அவர் இழுத்தார். விரல்கள் இறுகின. வைஷாலி எழுந்து வந்தாள், விலக்கிவிட அல்ல. "கீஞ்சியே! அவுர் ஸோர் ஸே!" என்று இன்னும் பலமாக இழுக்கச் சொன்னாள். பலமாகத்தான் இழுத்தார். ரிமோட்டின் பின்மூடி அவரோடு வந்தது, பேட்டரிகள் சோபாவுக்கு அடியில் உருண்டன, ரிமோட் அம்மாவிடமே இருந்தது. வலது கைக் காபி ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"சான்! ஏகதம் சான்!" என்று மராத்தியில் பாராட்டிவிட்டு, ரயிலில் போகலாம் என்று வைஷாலி சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

சோபாவுக்கு அடியிலிருந்து பேட்டரிகளோடு எழுந்த லக்ஷ்மிநாராயணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கவனிச்சீங்களா சிஸ்டர்? அம்மாதான் ஹீரோ. ரிமோட்தான் அந்தப் பொருள். நீங்க உதவிக்கு வர்றவங்க. எல்லாம் பொருந்துது. வில்லன் யாருன்னுதான் பிடிபடல."

நானும் சந்திரிகாவும் அவரையே பார்த்தோம்.

"பேட்டரியைப் போடு சாமி" என்றார் சந்திரிகா.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு எழுந்து போகப் பார்க்கும் உங்களிடம் ஒரு கேள்வி. மகனை இடது பக்கம் உட்கார வைத்தேன் என்று சொன்னேனே, அந்த இடத்திலேயே 'ஆகா, இது பின்னால் உதவப்போகிறது' என்று உங்கள் மனம் தொண்டையைச் செருமியதா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் வாய் துறுதுறுத்ததா? ஆரம்ப அறிகுறிதான், பயப்பட வேண்டாம். அடுத்த தடவை பாட்டுப் பார்க்க உட்காரும்போது மட்டும், உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் கைப்பிடி எப்படி என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.