குழி காலியாக இருத்தல் வேண்டும்

செய்யுளில் மட்டும் நீர்வளம் குன்றாதிருந்த தண்புனல் நாட்டில், ஆண்டுதோறும் ஆனி மாதம் பசுமைத் திருவிழா நடந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இயற்கையைப் பேண வேண்டும் என்பது அரசரின் திருவுள்ளம். ஆதலால் பள்ளிக்கு ஒரு குழி தோண்டினார்கள். அதைச் சுற்றிச் சலவைக்கல் பதித்து, இறங்கப் படி வைத்து, நட்டவர் பெயர் பொறித்த கல்லும் நிறுத்தினார்கள். அமைச்சர் வந்து கன்று நடுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆடி பிறப்பதற்குள் கன்று காய்ந்துவிடும். அடுத்த ஆண்டு அதே குழியில் அமைச்சர் மீண்டும் நடுவார். இவ்வாறு நாட்டில் நட்ட மரங்களின் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. மரங்கள் பெருகவில்லை என்பதை எவரும் ஒரு குறையாகக் கருதவில்லை.

கொன்றையூர்ப் பள்ளியில்தான் இந்த ஒழுங்கு கெட்டது. அங்கே பிள்ளைகள் மதிய உணவுக்குப் பின் பாத்திரம் அலம்பிய நீரைக் குழியில் ஊற்றினார்கள். யாரும் சொல்லிச் செய்ததன்று. சாக்கடையைவிடக் குழி பக்கத்தில் இருந்தது. சென்ற ஆண்டு நட்ட வாகைக் கன்று ஆள் உயரத்தைத் தாண்டிக் கிளை விரித்தது. தலைமையாசிரியை உமையாள், நாள்தோறும் பதிகம் பாடித் திருநீறணிந்து வருபவர், மேலிடத்தின் ஒரு கேள்விக்கும் ஆளாகாமல் ஓய்வு பெறுவதொன்றே வரமாக வேண்டியவர், அந்த நிழலில் நின்று இறைவணக்கம் நடத்தியும் அதை ஓர் ஆபத்தாக உணரவில்லை.

உணர்த்தியவர் குழிக் கண்காணிப்பாளர் பஞ்சநதம். அந்நாட்டில் மரங்களைக் கண்காணிக்க அதிகாரி இல்லை. குழிகளைக் கண்காணிக்க இருந்தார்.

“என்னம்மா இது? குழியில மரம் நிக்குது!”

“போன வருஷம் நட்டதுங்க ஐயா.”

“நட்டது எனக்கும் தெரியும். ஏன் நிக்குது?”

உமையாள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“விழாவுக்கு இன்னும் ஒரு மாசந்தான். அமைச்சர் எங்க நடுவாரு? உங்க தலை மேலயா?”

“பக்கத்துல இன்னொரு குழி தோண்டலாமே ஐயா?”

“கல்வெட்டு இங்கதானே இருக்கு!” பஞ்சநதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அதுவும் இது யாரு நட்டது? பழைய அமைச்சர். அந்த ஆளு இப்ப எதிர்க் கட்சி. அவரு வெச்சது உயிரோட இருந்தா, புது அமைச்சருக்கு எவ்வளவு அவமானம்!”

“அப்ப வெட்டிடச் சொல்றீங்களா?”

“ஐயையோ! மரத்தை வெட்டினா சிறை. குழி காலியா இல்லேன்னா உங்க வேலை போயிடும். ரெண்டும் சட்டம்.” குரலைத் தாழ்த்தினார். “வழக்கம்போல அதுவா சாகணும். நீங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க.”

அன்று மாலை உமையாள் பள்ளிக் குழாயைத் தம் கையாலேயே பூட்டினார். நீர்ச்சிக்கன விழிப்புணர்வின் பொருட்டுப் பூட்டியதாகப் பலகை தொங்கிற்று. நாவறண்ட பிள்ளைகள் வீட்டிலிருந்து புட்டியில் நீர் கொண்டுவந்தார்கள். பாதி தமக்கு, பாதி மரத்துக்கு. நெகிழிப் புட்டி இயற்கைக்குப் பகை என்று இரண்டாம் ஆணை பிறந்தது. ஏழாம் வகுப்புப் பொற்கொடி செம்பில் நீர் கொண்டுவந்தாள்.

“இது நெகிழி இல்லீங்களே சார்?”

“செம்பு பூமிக்கடியில கிடைக்கிற செல்வம் பாப்பா. அதை இப்படி வீணாக்கலாமா?” என்று பஞ்சநதம் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முழுப்பள்ளியும் வாய் திறவாமல் வந்தது. உமையாளின் வணக்கத்துக்கு ஒரு பிள்ளையும் பதில் சொல்லவில்லை. எல்லார் கன்னமும் உப்பியிருந்தது. வரிசையாகக் குழியருகே சென்று, குனிந்து கொப்பளித்து, அதன் பிறகே “வணக்கம் டீச்சர்” என்றார்கள். மூன்றாம் ஆணை உடனே வந்தது: பிள்ளைகள் வாயிலில் நின்று அரசர் வாழ்த்தை உரக்கப் பாடிய பின்னரே உள்ளே நுழைதல் வேண்டும். முதல் அடியிலேயே பலர் நீரை விழுங்கினார்கள். பொற்கொடி மட்டும் பஞ்சநதத்தின் செருப்பின்மேல் வாழ்த்தினாள்.

ஆணைகள் வென்றன. இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. பிள்ளைகளும் வகுப்பில் வதங்கிச் சாய்ந்தார்கள்.

“டீச்சர், அது சாகுது,” என்றாள் பொற்கொடி. “உங்களுக்கு இப்ப நிம்மதியா?”

பன்னிரண்டு வயதுப் பெண்ணை அதட்டிவிடலாம். உமையாள் அதட்டாமல், உதிர்ந்த இலையொன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் அவர் கோயில் குளத்தில் முழுகி எழுந்து, ஈரச் சேலையோடு நேரே பள்ளிக்கு வந்தார். குழியின் படியிறங்கி நின்று முந்தானையைப் பிழிந்தார்.

“என்னம்மா இது கோலம்?” என்று பஞ்சநதம் பதறினார்.

“வேண்டுதல் ஐயா. ஈரத்துணியோட வரதா நேர்ந்துக்கிட்டேன்.”

“அதை இங்க நின்னுதான் பிழியணுமா?”

“எங்க பிழியணும்னு ஏதாவது சட்டம் இருக்குங்களா?”

சாமி காரியம். பஞ்சநதம் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினார். அடுத்த நாள் முதல் முழுப்பள்ளிக்கும் வேண்டுதல் இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து வந்த பிள்ளைகள் அரசர் வாழ்த்தைக் கணீரென்று பாடிவிட்டு, குழியருகே ஒருவர் சட்டையை ஒருவர் முறுக்கினார்கள். வாகை துளிர்த்தது.

விழா நாள் வந்தது. பசுமை அமைச்சர் மாசிலாமணியார் மேளதாளத்தோடு வந்து, கையில் கன்றோடு குழியை நோக்கினார்.

“என்னய்யா இது?”

“மரமுங்க ஐயா,” என்றார் பஞ்சநதம், ஆவி பிரிபவர் குரலில்.

“யாரு வெச்சது? அவனா? அவன் வெச்சது இன்னும் சாகலையா? கோடாலி கொண்டாங்கடா! சட்டத்தை நாளைக்குத் திருத்திக்கலாம்.”

கோடரி வந்தது. பிள்ளைகள் மரத்தைச் சூழ்ந்தார்கள். உமையாள் அமைச்சர் கையிலிருந்த கன்றை மெல்ல வாங்கிப் பொற்கொடியிடம் தள்ளிவிட்டு, கூட்டத்தை நோக்கிக் கைகூப்பினார்.

“நம் அமைச்சர் பெருமானின் கை பட்ட கணமே கன்று மரமாயிற்று! கண்ட கண்கள் என்ன தவம் செய்தனவோ!”

கூட்டம் திகைத்தது, பின் ஆர்ப்பரித்தது. மாசிலாமணியார் ஒரு கணம் மரத்தைப் பார்த்தார், ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, “எல்லாம் மன்னர் அருள்,” என்று அடக்கத்தோடு தலை குனிந்தார். கல்லில் பெயர் மாறிற்று. மரம் பிழைத்தது, உமையாளின் வேலையும் பிழைத்தது. அன்றிரவு அவர் நிம்மதியாக உறங்கினார்.

அந்த வாரமே புதிய ஆணை முரசறையப்பட்டது: கொன்றையூரில் ஒரு கணத்தில் நிகழ்ந்தது ஏனைப் பள்ளிகளில் ஏன் நிகழவில்லை? அடுத்த பௌர்ணமிக்குள் ஒவ்வொரு குழியிலும் முழுமரம் நிற்றல் வேண்டும்.

சில நாளில், கொன்றையூர்ப் பள்ளி வாயிலைக் கடந்து மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கு மாட்டு வண்டிகள் போகத் தொடங்கின. வடக்கே இருந்த காட்டிலிருந்து வேரோடு பெயர்த்த மருதும் வேங்கையும் கடம்பும் அவற்றில் கிடந்தன. பிள்ளைகள் வண்டிகளைப் பார்த்தார்கள்; பிறகு உமையாளைப் பார்த்தார்கள்.

உமையாள் வீதியின் நடுவே போய் நின்றார். முதல் வண்டி நின்றது.

“ஐயா, நான் அன்னைக்குச் சொன்னது பொய். ஒரு வருஷமா தண்ணி ஊத்தி வளர்த்தது இந்தப் பிள்ளைங்க. வேலையை எடுத்துக்குங்க. இந்த மரங்களைத் திருப்பிக் கொண்டுபோங்க.”

வண்டிமேல் அமர்ந்திருந்த பஞ்சநதம் பரிவோடு சிரித்தார். “அரசாணையில ஏறினதுக்கப்புறம் அது எப்படிம்மா பொய்யாகும்? நீங்க ஏன் வருத்தப்படுறீங்க? காட்டை வந்து பாருங்க. திரும்பின பக்கமெல்லாம் குழி. அத்தனையும் காலி! இன்னும் நூறு வருஷம் விழா நடத்தலாம்.”

அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே பிள்ளைகள் மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வடக்கே திருப்பிக்கொண்டிருந்தார்கள். மாடுகளுக்கு அரசாணையை யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை. அவை திரும்பி நடந்தன.