புகாரே வராத அலுவலகம்

இருபத்து மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரு புகார்கூட வராத குடிநீர் அலுவலகம், உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாதனைக்காகக் கூட்டப்பட்ட ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரியின் கண்களே கலங்கின.

"மக்கள் பரம திருப்தியா இருக்காங்க. ஒரு சத்தம் இல்ல பாருங்க!"

பத்து நாட்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நிரலாளர் மட்டும் கைதட்டவில்லை. அவள் வீட்டுக் குழாயில் ஒரு வாரமாகக் காற்றுதான் வந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டாமலேயே பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த அக்கா, இதே அலுவலகத்துக்கு இணையம் வழியாக நான்கு புகார்கள் அனுப்பியிருந்தாள்.

"புகார் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?"

"தாராளமா பாரும்மா. எதையும் தொடாமப் பாரு."

அவள் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினாள். வெளியுலகோடு பேச உன்னிடம் என்னென்ன வழிகள் உண்டு, எது எது வேலை செய்கிறது என்று இயங்குதளத்தையே கேட்கும் நிரல். பதில் மூன்றே வரியில் வந்தது. கேபிள் வழி: துண்டிப்பு. வைஃபை: அணைப்பு. மூன்றாவது மட்டும் 'இயக்கத்தில்'.

"மூணாவது ஜோரா ஓடுதே! அது எங்க போகுது?"

"எங்கயும் போகல சார். கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கிற வழி அது."

"தினமும் காலையில நானே இதுல உக்காந்து சோதனைப் புகார் அனுப்பறேன். டாண்ணு வந்து சேருதே?"

"அனுப்பறதும் இதுதான், வாங்கிக்கிறதும் இதுதான் சார்."

"பின்னே? இதைவிட நம்பகமான வழி உண்டா! வேலை செய்யாத ரெண்டையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடு. 'நூறு சதவீதம் இயக்கத்தில்'னு அறிக்கை போயிடட்டும்."

நிரலாளர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். கேடயங்கள் வைக்க இருபத்து மூன்று நாட்களுக்கு முன் புதிதாக வந்த அலமாரிக்காக மேசையை நகர்த்தியதில், கேபிள் கழன்று கிடந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; தொட்டால் வம்பு. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. சொருகிவிட்டாள்.

வாசலில் தேங்கி நின்ற கூட்டம் போலப் புகார்கள் திமுதிமுவென்று உள்ளே புகுந்தன. மதியத்துக்குள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?" மேலதிகாரி நாற்காலியில் சரிந்தார்.

சாயங்காலம் அவள் கையில் குறிப்பாணை ஒன்று தரப்பட்டது: 'தாங்கள் மேசைக்கடியில் புகுந்த ஒரே நிமிடத்தில் நகரம் முழுவதும் தண்ணீர் நின்றுபோனது ஏன் என்பதற்கு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.'