கண்மாய்க்கரையில் சறுக்குக்கட்டை

வார் அறுந்ததும் இடது கால் கட்டை மட்டும் தனியாகச் சரிவில் இறங்கிப் போய்க் கண்மாய்த் தண்ணீரில் விழுந்தது. நாகநாதன் வலது கால் கட்டையோடு கரைமேல் மல்லாந்து கிடந்தான்.

"பொன்னழகு இப்படித்தான் போவானாப்பா?" என்று கேட்டார் ஆண்டியப்பன். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லய்யா. இது வார் பண்ணுன வேலை. ஏன் வெயில்ல நிக்கிறீக? அங்குட்டு நெழல்ல இருங்க."

பொன்னழகு அவருடைய ஒரே மகன். பட்டாளத்தில் இருந்தான். அங்கே என்ன வேலை என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். போன வருஷம் லீவில் கோட்டையூருக்கு வந்தபோது, பட்டாளத்தில் கழித்துப் போட்ட பனிச்சறுக்குக் கட்டைகள் ஒரு ஜோடியைத் தோளில் சுமந்து வந்தான். ஆளைவிட நீளம். முனை படகுபோல் வளைந்திருந்தது. இதை மாட்டிக்கொண்டால் காஷ்மீர் மலையில் கொக்கு இறங்குவதுபோல் இறங்குவேன் என்றான். அடுத்த லீவில் கூட்டாளிகள் நாகநாதனுக்கும் சோமுவுக்கும் கண்மாய்க்கரையிலேயே பழக்கிவிடுவதாகச் சொல்லிப் போனான்.

மாசியில் தந்தி வந்தது. பனிச்சரிவில் புதைந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஆண்டியப்பன் யாரிடமும் பேசுவதில்லை. போன வாரம் நாகநாதனின் தச்சுப்பட்டறைக்கு வந்தவர் இதை மட்டும் கேட்டார். "அவன் எப்படிப் போவான்னு ஒரு தடவை காட்டுங்கப்பா. கண்ண மூடுனா நெனச்சுப் பாக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

மாட்டேன் என்று சொல்ல நாகநாதனுக்கு வாய் வரவில்லை. மேலும் மரத்தில் செய்த எதுவும் தன் பேச்சைக் கேட்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

சோமு தண்ணீரில் இறங்கிக் கட்டையை எடுத்து வந்தான். சைக்கிள் கடைக்காரன். "டியூப வெட்டிக் கட்டுவம்டா. அறுந்தே போகாது" என்றான்.

டியூப் அறுந்துபோகவில்லை, இழுபட்டது. கட்டைகள் சாக்கோட்டைப் பக்கம் திரும்ப, கால்கள் காரைக்குடிப் பக்கம் திரும்பின. நாகநாதன் நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

"செம்மண்ணு வழுக்கல. அடியில விளக்கெண்ணெய் தடவு."

தடவினார்கள். கரையிலிருந்த மண்ணெல்லாம் கட்டையில் அப்பிக்கொண்டது. நாகநாதன் காலைத் தூக்கினால் கரையும் கூட வரும்போலிருந்தது.

சோமு ரைஸ்மில்லுக்குப் போய் வண்டியில் உமி ஏற்றி வந்தான். சரிவு முழுக்கக் கொட்டிப் பரப்பினார்கள். ஆண்டியப்பன் எழுந்து வந்து, ஒரு கை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார்.

"பனி இப்படித்தான் இருக்குமா?"

"இதவிட வெள்ளையா இருக்கும்யா" என்றான் நாகநாதன்.

"குளுருமே?"

நாகநாதன் குனிந்து, தன் பழைய பூட்சைக் கட்டைகளோடு சேர்த்து ஆணி அடித்தான். இனி எதுவும் கழன்று ஓடாது. காலை நுழைத்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு, சோமுவைத் தள்ளச் சொன்னான்.

இந்தத் தடவை போனான். உமி சிதறிப் பறக்க, கைகளை விரித்துக்கொண்டு, கொக்கேதான். ஆண்டியப்பன் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"சோமு! நிறுத்துறது எப்படிடா?"

"அத அவன் சொல்லலையேடா!"

கட்டைகள் தண்ணீருக்குள் பாய்ந்து சேற்றில் குத்தி நின்றன. நாகநாதன் குப்புற விழுந்தான். கயிறு ஈரத்தில் இறுகிவிட்டதால் காலை உருவ முடியவில்லை. தலை மேலே வந்தது, முங்கியது, மறுபடி வந்தது. சோமு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தான். சேறு விடவில்லை.

அப்போது கரைமேல் பெட்டியோடு வந்துகொண்டிருந்த ஒருவர் பெட்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார். பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்து நாகநாதனை வெளியே இழுத்துப் போட்டார்.

நாகநாதன் இருமி முடித்ததும் ஆண்டியப்பனின் காலருகே உட்கார்ந்தான். "மன்னிச்சிருங்கய்யா. அவனக் கேலிக்கூத்தாக்கிட்டேன்."

அவர் அவன் தலையைத் தன் துண்டால் துவட்டினார். "நடுவுல கொஞ்ச தூரம் வந்தியேப்பா. அப்ப அவன்தான் வந்தான். எனக்கு அது போதும்."

வந்தவர் பெயர் தேவசகாயம். நாகர்கோவில்காரர். பொன்னழகோடு ஒரே முகாமில் இருந்தவர். லீவில் துக்கம் விசாரிக்க வந்து, வீட்டில் ஆளில்லாமல் தேடி வந்திருக்கிறார்.

ஆண்டியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதுக ரெண்டும் தெரியாத பயலுக. நீங்க ஒரு தடவை போய்க் காட்டுங்க, எம்மகன் போற மாதிரி."

தேவசகாயம் சேற்றில் நின்ற கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கும் தெரியாதுங்கய்யா, நானும் அவனும் சமையக்கட்டு ஆளுங்க... மேல காவல்ல இருந்த பசங்க பட்டினியாக் கெடக்காங்கன்னு சோத்து மூட்டையத் தூக்கிக்கிட்டு, பனி சரிஞ்ச அன்னைக்குத்தான் பொன்னழகு முத முதலாக் கட்டைய மாட்டுனான்."